கடிகாரத்துக்கு வைத்த பொட்டு

அன்றைக்கு வியாழக்கிழமை என்றுதான் என் நினைவு. மலரைக் கேட்டால் புதன் என்பாள். இந்தக் கதையை நான் சொல்லும்போது ஒரு தடவை மழை பெய்யும், இன்னொரு தடவை வெயில் மண்டையைப் பிளக்கும். எது உண்மை என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. விநாயகமூர்த்தியிடம் கேட்டும் பயனில்லை. அந்த வருஷம் அவருக்கு மழையும் வெயிலும் ஒன்றாகத்தான் இருந்தன. கடிகாரத்தைப் பற்றிய விவரங்களை மட்டும் நீங்கள் நம்பலாம். அவை காகிதத்தில் இருந்தன.

2023 ஜூலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் மூர்த்தியின் துப்பறியும் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு காற்றாடி, கிள்ளான் பக்கம் திரும்பாத ஒரு ஜன்னல். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் தேடிப் பிடித்தவர். ஐம்பத்து நான்கு வயது. அவருடைய உதவியாளர் மலருக்கு ஐம்பத்தேழு. முப்பது வருஷம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். ஒரே பொய் மூன்று மொழியிலும் எப்படி ஒலிக்கும் என்று தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வாள். அது உண்மைதான்.

மூர்த்தியின் தம்பி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் கிள்ளானில் ஒரே ஃபிளாட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தவர்கள். தம்பி போன பிறகு மூர்த்தி அழவில்லை, குடிக்கவில்லை, ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் போல இருந்தார், அவ்வளவுதான். தொட்டால் தொட்டது தெரியும். வேறெதுவும் தெரியாது.

அன்று காலை வந்தவள் உண்மையிலேயே ஒரு பல் மருத்துவர். பெயர் சுதர்சினி. நாற்பத்திரண்டு வயது, சிலோன்காரர்களின் குடும்பம், கிள்ளானில் வீடும் கிளினிக்கும். கைப்பையிலிருந்து ஒரு தேக்குப் பெட்டியை எடுத்து மூர்த்தியின் முன்னால் வைத்துத் திறந்தாள். உள்ளே கறுப்பு முகத்தோடு ஒரு கைக்கடிகாரம்.

"மிஸ்டர் மூர்த்தி, இது எங்க அப்பாவோட வாட்ச் இல்லை. இது இருக்கிற இடத்துல இருந்ததை ஒருத்தர் திருடிட்டார்."

அப்பாவின் பெயர் சிவேந்திரன். தொண்ணூறுகளில் பனை எண்ணெய் ஏற்றுமதிக் கம்பெனிக்காக மாஸ்கோவில் ஏழு வருஷம் இருந்தவர். அதே அடுக்குமாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற விண்வெளி வீரர் ஒருவர், சிவேந்திரன் ஊர் திரும்பும்போது தன் கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாராம். எண்பதுகளில் எட்டு நாள் பூமியைச் சுற்றிவந்த கடிகாரம். கூடவே கையெழுத்திட்ட கடிதம். அதில் கடிகாரத்தின் எண்: 1746.

"இந்த மாசக் கடைசியில ஒரு ஸ்பேஸ் எக்ஸிபிஷன். அப்பா பேரைப் போட்டு வைக்கிறதா சொன்னாங்க. அவங்க பின்மூடியைத் திருப்பிப் பார்த்தாங்க. 1746 இல்லை. 2019னு வருஷம் போட்டிருக்கு." அவள் குரல் தட்டையாக இருந்தது. "கம்பெனி பழைய மாடலையே மறுபடி செஞ்சு வித்திருக்கு. ரீஇஷ்யூ. கடையில காசு குடுத்தா கிடைக்கும்."

"ஆகாயத்துக்குப் போய்ட்டு வந்து மறுபிறவி எடுத்திருக்கும் லா," என்றாள் மலர்.

சுதர்சினி சிரிக்கவில்லை. மூர்த்தியும் சிரிக்கவில்லை. மலர் பழகியவள். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.

"யார் மேல சந்தேகம்?" என்றார் மூர்த்தி.

"சந்தேகம் இல்லை. தெரியும். இங்க கீழதான், மாடிப்படி அடியில வாட்ச் ரிப்பேர் பண்றார், கன்னையா. அப்பா தவறினது போன செப்டம்பர் பதினேழு. அதுக்கப்புறம் பெட்டி சாமி அறையை விட்டு வெளியில வரலை. மே மாசம் சாவி குடுத்துப் பார்த்தப்போ ஓடலை. அவர்கிட்ட குடுத்தேன். நாலு நாள் அவர் கையில இருந்தது. வேற ஒருத்தரும் தொடலை." ஒரு சின்ன ரசீதை மேசையில் வைத்தாள். "அவர் கையெழுத்து. மே பன்னிரண்டு. வர்ற சனிக்கிழமை எனக்கு கிளினிக் லீவு. போலீஸ் ரிப்போர்ட் போடப் போறேன். அதுக்குள்ள ஒரிஜினலை எங்க வச்சிருக்கார்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

மூர்த்தி ரசீதைப் படித்தார். மலாயில் மூன்று வரி. சுத்தம் செய்தது. எண்ணெய் விட்டது. மூன்றாவது வரி: கண்ணாடியில் மஞ்சள் கறை, போகவில்லை.

கடிகாரத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தார். பன்னிரண்டுக்குக் கீழே, நடுவை ஒட்டி, விரல்நுனி அளவில் ஒரு மங்கலான மஞ்சள் வட்டம். நகத்தால் சுரண்டினார். வரவில்லை.

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுதர்சினி மலரைப் பார்த்தாள். மலர் 'அப்படித்தான்' என்பது போலக் கையை விரித்தாள்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும்," என்றார் மூர்த்தி கடைசியில்.

*

கன்னையாவின் கடை என்பது ஒரு கண்ணாடி மேசை, ஒரு விளக்கு, சுவரில் தொங்கும் பட்டைகள். அறுபத்தொரு வயது. டெங்கில் என்ற ஊர்ப்பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து நாற்பது வருஷம். மூர்த்தியும் மலரும் போய் நின்றபோது யாருடைய கடிகாரத்துக்கோ பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆகாயத்துல இருந்து வந்ததை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றாள் மலர்.

"மேல போய்த் தேடச் சொல்லுங்க," என்றார் கன்னையா, தலை நிமிராமல். "டாக்டரம்மா நேத்து இங்க வந்து நின்னு கத்திட்டுப் போயிட்டாங்க. பூக்கடைக்காரன்ல இருந்து எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் லேட்."

மூர்த்தி கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். "இது புதுசுன்னு உங்களுக்கு மே மாசமே தெரியுமா?"

"திறந்தவுடனே தெரியும். பழசா இருந்தா மெஷின் வேற மாதிரி இருக்கும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

கன்னையா இப்போதுதான் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றினார். "பாஸ், ஓட வைக்கச் சொன்னாங்க. ஓட வச்சேன். என்கிட்ட வர்ற பத்துல ஆறு, அது மேல எழுதியிருக்கிற பேர் இல்லை. கல்யாணத்துக்கு மாமனார் போட்டது, மகன் முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. 'இது அசல் இல்லை'னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தா எத்தனை வீட்டுல சண்டை வரும்? கேட்டா சொல்வேன். கேக்காம சொல்ல மாட்டேன். இது டூப்கூட இல்லை. கம்பெனிக்காரனே செஞ்சது."

"அந்த நல்ல மனசுக்குத்தான் இப்ப போலீஸ் வருது," என்றாள் மலர்.

"வரட்டும்."

"இந்தக் கறை?" என்றார் மூர்த்தி.

"மூணு நாள் தேச்சேன். பல்லு பேஸ்ட் போட்டேன், பாலிஷ் போட்டேன். போகாது. இது கண்ணாடி இல்லை பாஸ், பிளாஸ்டிக். ஆகாயத்துக்குப் போன வாட்ச்ல நிறைய பிளாஸ்டிக்தான். கண்ணாடி உடைஞ்சா தூள் மிதக்கும், ஆளுங்க கண்ணுக்குள்ள போகும்னு. இப்ப புதுசா செய்றவனும் பழசு மாதிரியே இருக்கணும்னு அதையே போடுறான். பிளாஸ்டிக்ல மஞ்சள் இறங்கினா இறங்கினதுதான். உங்க வீட்டுல குழம்பு ஊத்தி வச்ச டப்பா இல்லையா?"

"இருக்கு," என்றாள் மலர். "வாங்கினப்ப வெள்ளை."

"பழைய கண்ணாடியைக் கழட்டிப் புதுசுல மாட்ட முடியுமா?" என்று கேட்டார் மூர்த்தி.

கன்னையா லென்ஸை நீட்டினார். "சரியா நடுவுல பாருங்க. ஊசிமுனை அளவுக்கு ஒரு நட்சத்திரம். புதுசுல மட்டும்தான் அச்சடிச்சிருக்கும். கறை அதுக்கு மேலயே ஏறியிருக்கு பாருங்க."

மூர்த்தி பார்த்தார். நட்சத்திரம் இருந்தது. மஞ்சளுக்குள் இருந்தது.

திரும்பும்போது கன்னையா மெதுவாகக் கேட்டார். "டாக்டரம்மா சனிக்கிழமைதான் ரிப்போர்ட் போடுவாங்களா? செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போடச் சொல்ல முடியுமா?"

"ஏன்?"

கன்னையா சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பு. இந்த நாட்டிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்களுக்கு உள்ள நிறம். நிரந்தரவாசி, ஆனால் குடிமகன் இல்லை; குடிமக்களின் அட்டை நீலம்.

"திங்கக்கிழமை புத்ராஜெயாவுல இன்டர்வியூ. நீல ஐ.சி.க்கு. பதினோரு வருஷம், மூணு மனு. இப்பத்தான் முதல் தடவையா கூப்பிட்டிருக்காங்க." அட்டையைப் பையில் திரும்ப வைத்தார். "திருட்டு ரிப்போர்ட் இருந்தா அந்த ஆஃபீசர் என்னைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரீனைப் பார்ப்பார். அப்புறம் நான் எதுக்குப் பேசணும்?"



*

ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போகும்போது மலர்தான் கார் ஓட்டினாள். ஷா ஆலாம் தாண்டும்வரை மூர்த்தி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீங்க யோசிக்கிறது எனக்குக் கேக்குது," என்றாள் அவள். "கேக்காத மாதிரி நடிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு."

"பொட்டு," என்றார் அவர்.

"என்ன பொட்டு?"

"நீ போன வருஷம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வச்சியே."

"ஆயுத பூஜைக்கு. அதுக்கப்புறம் அந்த 'எஸ்' பட்டன் ஒட்டிக்கிச்சு."

"வாட்சுல இருக்கிறது அதே அளவு. மோதிர விரல்."

மலர் வேகத்தைக் குறைத்தாள். "சரி. யாரோ வாட்சுக்குப் பொட்டு வச்சிருக்காங்க. கன்னையா அண்ணனே வச்சிருந்தா? பழசுல கறை இருந்ததைப் பார்த்து, புதுசுலயும் அதே இடத்துல வச்சு?"

"வச்சுட்டு, 'கறை போகலை'ன்னு ரசீதுல எழுதித் தருவாரா? திருடினவன் ஒரே மாதிரி இருக்கணும்னு கறை வைப்பான். போகலைன்னு சொல்லி அதைக் காட்டிக் குடுக்க மாட்டான்."

"டாக்டரம்மா அவரைப் பிடிக்கக் கொண்டுவந்த காகிதம் அவரையே விடுவிக்குதா?"

"பாதிதான்," என்றார் மூர்த்தி. மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

*

சுதர்சினி கிளினிக்கில் இருந்தாள். வீட்டில் அவளுடைய அம்மா பூரணம் மட்டும். எழுபத்து நான்கு வயது. நெற்றியில் திருநீறு. அவர்களை உட்காரவைத்து, வேண்டாம் என்று சொல்லியும் கோப்பி கொண்டுவந்தார்.

"சீனி போதுமோ எண்டு பாருங்கோ, தம்பி."

தம்பி என்ற சொல்லைக் கேட்டு மூர்த்தி ஒரு விநாடி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார்.

சாமி அறைக் கதவு சாத்தியிருந்தது. பூரணம் திறந்து காட்டினார். ஒரே ஒரு சிறு விளக்கு. படங்களில் மாலை இல்லை. கீழ்த்தட்டில் தூசிக்கு நடுவே பெட்டி இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாகச் சுத்தமாக இருந்தது.

"வாட்சுக்குப் பொட்டு வைப்பீங்களா அம்மா?" என்று கேட்டார் மூர்த்தி.

"நான் இல்லை. அவர். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அவர்தான் சந்தனத்திலை மஞ்சள் குழைச்சு எல்லாத்துக்கும் வைப்பார். காருக்கு, என்ர தையல் மெசினுக்கு, பெட்டியிலை இருக்கிற மணிக்கூட்டுக்கு. அது வேலை செய்த சாமான் எண்டு சொல்லுவார்."

"போன வருஷம்?"

பூரணம் அவரை வழக்கம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "போன வருசம் எங்கை தம்பி? அவர் செத்துப் பதினேழாம் நாள் பூசை வந்தது. துடக்கு வீடு. ஒரு வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் ஒரு விசேசமும் இல்லை. தீபாவளிக்கும் விளக்கு வைக்கேல்லை. உங்களுக்குத் தெரியாதே?"

மூர்த்திக்குத் தெரியும். அவருடைய ஃபிளாட்டில் சாமித்தட்டுக்கு முன்னால் பதினோரு மாதமாக ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ரசீதைப் படித்த கணத்திலேயே அவர் மனசு அங்கேதான் போயிருந்தது. கேட்டு உறுதிசெய்ய மட்டுமே இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

மலர் விரல்விட்டு எண்ணினாள். "அப்ப கடைசியாப் பொட்டு வச்சது 2021. கன்னையா அண்ணன் கையில போனது 2023. நடுவுல பூஜையே இல்லை. ஆனா பொட்டு புது வாட்ச் மேல இருக்கு."

"ஐயா உயிரோட இருந்தப்பவே பெட்டியில புதுசுதான் இருந்திருக்கு," என்றார் மூர்த்தி.

பூரணம் நாற்காலியில் உட்கார்ந்தார். "பெட்டியிலையோ? இல்லையே. புதுசைத்தானே அவர் கையிலை கட்டினவர்."

மலர் எண்ணிய விரல்களை மடக்கினாள்.

"புதுசு ஒண்ணு வாங்கினாரா?" என்று கேட்டாள் மலர்.

"சுதா சொல்லேல்லையே? அது திரும்பக் கடைக்கு வந்த வருசமே வாங்கினவர். நான்தான் ஏசுவன். விண்ணுக்குப் போய் வந்ததைக் கட்டிக்கொண்டு பாசாருக்கு மீன் வாங்கப் போறியளோ, ஆரும் பறிச்சால் என்ன செய்வியள் எண்டு. பிறகுதான் புதுசை எடுப்பிச்சவர். 'இனிப் பழசு பெட்டியிலை, புதுசு கையிலை, சரிதானே' எண்டு காட்டினவர். ரெண்டும் ஒரே மாதிரி. எனக்கு என்ன தெரியும்."

"கையில இருந்தது இப்ப எங்கம்மா?"

"அவரோட போட்டுது தம்பி. அவரைச் சவப்பெட்டியிலை வைக்கேக்கை சுதாதான் கட்டிவிட்டவ."

மலர் கோப்பையைக் கீழே வைத்தாள். மூர்த்தி எழுந்து நன்றி சொன்னார்.

*

சிவேந்திரனை எரித்த, ஊருக்கு வெளியே இருந்த மின்மயானத்துக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தம்பியை எரித்ததும் அங்கேதான்.

பழனியப்பன் அங்கே பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறவர். மூர்த்தியை அடையாளம் தெரிந்ததுபோல் தலையை ஆட்டினார்.

"கையில வாட்ச் கட்டியிருந்தா உள்ள விடுவீங்களா?"

"பேட்டரின்னா கழட்டச் சொல்லுவோம் பாஸ், வெடிக்கும். சாவி குடுக்கிறதுன்னா விட்டுடுவோம். சொந்தக்காரங்க ஆசை."

"எரிஞ்சப்புறம்?"

"சாம்பல்ல காந்தம் விட்டு இரும்பை எடுத்துடுவோம். ஆணி, பெட்டிக் கைப்பிடி, முட்டியில வச்சது. காந்தத்துல ஒட்டாததைக் கையால பொறுக்குவோம். சிலர் வேணும்னு கேப்பாங்க. கேக்காதது எல்லாம் டிரம்ல. வருஷத்துக்கு ஒரு தடவைதான் லோரி வரும். ஜூலைக் கடைசியில, இந்தத் தடவை இன்னும் வரலை."

டிரம் பின்கட்டில் இருந்தது. பழனியப்பன் ஒரு கோணியை விரித்துக் கொட்டினார். கறுத்த திருகாணிகள், வளைந்த தகடுகள், இடுப்பு எலும்புக்குப் பதிலாக வைத்த உருண்டைகள். மூர்த்தி கால்சட்டையை மடித்துவிட்டுக் குந்தினார். மலர் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கைப்பையைத் தூண் ஓரம் வைத்துவிட்டு அவளும் குந்தினாள். அங்கிருந்த நேரம் முழுவதும் அவள் வேடிக்கையாக ஒன்றும் பேசவில்லை.

மூர்த்தியின் தம்பிக்கு இடது காலில் ஒரு தகடு இருந்தது. மோட்டார் சைக்கிள் விபத்தில் வைத்தது. எட்டு திருகாணி. கோணியின் மேல் அதுபோல் இருபது முப்பது தகடுகள் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார். கை நிற்கவில்லை. நிற்கும் என்று மலர் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்ததை அவள் பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

கடிகாரக் கூடு ஒன்றல்ல, மூன்று கிடந்தன. இரண்டு பெண்களுடைய சின்னக் கடிகாரங்கள். மூன்றாவது ஆண்கள் அளவு, பக்கத்தில் இரண்டு அழுத்தான்களின் மொட்டையான தண்டுகள். பிளாஸ்டிக் முகம் எரிந்து போய்விட்டிருந்தது. உள்ளே ஒரு கறுப்புக் கட்டி. பின்மூடி எஃகு.

பழனியப்பன் ஒரு பழைய பல் துலக்கியும் கொஞ்சம் வினிகரும் கொண்டுவந்தார். மூர்த்தி தேய்த்தார். நிதானமாக, பல் விளக்குவதுபோல. முதலில் ஏழு தெரிந்தது. பிறகு நாலு.

1746.

மலர் எழுந்து தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். மூர்த்தி அதை ஒரு கைக்குட்டையில் சுற்றினார். பிறகு எல்லாத் தகடுகளையும் திருகாணிகளையும் அள்ளித் திரும்ப டிரம்மில் போட்டார்.

"வேற ஏதாச்சும் பார்க்கணுமா பாஸ்?" என்று கேட்டார் பழனியப்பன்.

"இல்லை."

*

மறுநாள் மதியம் கிளினிக்கில் கடைசி நோயாளி போன பிறகு சுதர்சினி அவர்களை உள்ளே கூப்பிட்டாள். உட்கார வேறு இடமில்லாமல் மலர் பல் பிடுங்கும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "வாயைத் திறக்கச் சொல்லாதீங்க டாக்டர், மூட மாட்டேன்."

மூர்த்தி பெட்டியையும் ரசீதையும் மேசையில் வைத்தார். மூன்றாவது வரியைக் காட்டினார். பொட்டைப் பற்றிச் சொன்னார். அவள் குறுக்கிடவில்லை. கைக்குட்டையை அவர் பிரித்தபோது மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள்.

"உங்க அப்பா உங்க அம்மாவுக்குப் புதுசைக் காட்டினார். அப்புறம் புதுசைப் பெட்டியில வச்சுட்டுப் பழசையே கட்டிக்கிட்டார். மூணு வருஷம். யாரும் திருப்பிப் பார்க்கலை."

அவள் அதைத் தொடவில்லை.

"ரெண்டு வாட்ச் இருந்ததை நீங்க எங்ககிட்ட சொல்லலை," என்றார் அவர்.

"கேக்கலை நீங்க."

"கன்னையாவும் அதைத்தான் சொன்னார்," என்றாள் மலர்.

சுதர்சினி மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எக்ஸிபிஷன்காரர் ஃபோன்ல 2019னு சொன்னவுடனே தெரிஞ்சது. ஒரு நிமிஷம். அப்புறம் கன்னையா ஞாபகம் வந்தார். அதைப் பிடிச்சுக்கிட்டேன்." கையுறைகளைக் கழற்றினாள். "அப்பா போன அன்னைக்கு வீட்டுல எல்லாத்தையும் மத்தவங்கதான் செஞ்சாங்க. நான் யோசிச்சு எடுத்தது ஒரே ஒரு முடிவு. நல்லது வீட்டுல இருக்கட்டும், காப்பி அப்பாவோட போகட்டும்னு. கட்டிவிட்டப்போ கை ஜில்லுனு இருந்தது. பக்கிள் மாட்ட ரெண்டு தடவை ஆச்சு. அப்பவும் திருப்பிப் பார்க்கலை."

"போலீஸ் ரிப்போர்ட்?"

"டைப் பண்ணி வச்சிருக்கேன்." மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தாள். கிழிக்கவில்லை. திருப்பி வெற்றுப் பக்கம் மேலே வரும்படி வைத்தாள். "யாராச்சும் திருடியிருந்தா தேவலை மிஸ்டர் மூர்த்தி. எங்கயாவது இருக்குன்னு நினைச்சுக்கலாம்."

"அவருக்குத் திங்கக்கிழமை இன்டர்வியூ," என்றார் மூர்த்தி. "நீங்க கடைத்தெருவுல நின்னு சொன்னதை இப்ப நீங்களே திருப்பிச் சொல்லணும். நான் சொன்னா போதாது."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. அதனால்தானோ என்னவோ அவள் உடனே கைபேசியை எடுத்தாள். எண் ரசீதின் தலைப்பில் இருந்தது. மூர்த்தியும் மலரும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவைத்தாள்.

"கன்னையா அங்கிள், நான் டாக்டர் சுதர்சினி. தப்பு என்னோடது. வாட்சை மாத்திக் கட்டிவிட்டது நான்தான். நாளைக்குக் காலையில கடைக்கு வந்து எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

மறுமுனையில் ஒரு பஸ் போகும் சத்தம். பிறகு கன்னையா கேட்டார்:

"வாட்ச் இப்ப ஓடுதா டாக்டர்?"

அவள் மேசைமேல் இருந்த இரண்டையும் பார்த்தாள். "ஒண்ணு ஓடுது," என்றாள்.

*

சுதர்சினி சனிக்கிழமை காலை பூக்கடை திறக்கும் நேரத்துக்கே பிரிக்பீல்ட்ஸ் வந்து, சொன்னபடி சொல்லிவிட்டுப் போனாள். கண்காட்சிக்கு எதையும் கொடுக்கவில்லை. எரிந்த கூட்டைச் செப்டம்பரில் ஆட்டைத் திவசம் முடிந்த மறுநாள் போர்ட் கிள்ளான் கடலில் விட்டார்கள். பெட்டியிலிருந்த புதுக் கடிகாரத்தை அவள் கட்டுவதில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை சாவி கொடுக்கிறாள்.

பூரணத்திடம் விஷயத்தை மகள்தான் சொன்னாள். "கள்ள மனுசன், அதைக் கட்டிக்கொண்டுதான் மூண்டு வருசமும் மீன் வாங்கினவரோ," என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் பேசவில்லையாம். மறு வருஷம் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தார். இப்போது எழுந்து நடக்கிறார்.

பழனியப்பன் அதே இடத்தில் வேலை செய்கிறார். மலர் பூச்சோங்கில் மகளோடு குடியேறி, வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் வருகிறாள். மூர்த்தி ஆகஸ்டில் தம்பிக்குத் திவசம் கொடுத்தார். சாமித்தட்டின் முன்னால் தொங்கிய துண்டை எடுத்துத் துவைத்துப்போட்டார். அழுதாரா என்று நான் கேட்டதில்லை.

கன்னையா திங்கட்கிழமை புத்ராஜெயா போனார். அதிகாரி பன்னிரண்டு நிமிஷம் பேசினார், தேசிய கீதத்தைப் பாடச் சொன்னார், காத்திருக்கச் சொன்னார். பத்தொன்பது மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், அவருக்கு நீல அட்டை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று.